எந்தப் பக்கத்துப் பால்

வழக்குப் போடலாம் என்று முதலில் சொன்னவர் மச்சாள். என் கணவரின் அக்கா. றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார். காரில் வரும்போது தமிழ் றேடியோவில் ஒரு சட்ட அலுவலகத்தின் விளம்பரம் கேட்டாராம். குறைமாதத்தில் பிறந்து, மருத்துவமனையில் பால்மா பருக்கப்பட்டு, குடல் நோய் வந்த குழந்தைகளின் பெற்றோர் எங்களை அழையுங்கள் என்று. அதற்கு முன்னால் ஒரு நகைக்கடை விளம்பரம், பின்னால் இன்னொரு நகைக்கடை விளம்பரம். மச்சாள் காரை ஓரமாக நிற்பாட்டிவிட்டு எங்களுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உது எங்கடை பிள்ளையின்ரை கதையெல்லே. அச்சொட்டா எங்கடை பிள்ளை."

கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். 'எங்கடை பிள்ளை' என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலம். அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

பிள்ளை ஏழாம் மாதம் தொடங்க முன்னரே பிறந்தவன். இருந்திருந்தால் இப்போது மூன்றாம் வகுப்புப் படிப்பான். அவனுக்குப் பெயர் இல்லை. எங்கள் ஆட்களில் முப்பத்தோராம் நாள் பிறந்த வீட்டுத் தீட்டை, துடக்கைக் கழித்த பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. மச்சாள் சாத்திரியாரிடம் முதல் எழுத்துக் கேட்டு வைத்திருந்தார். அந்த நாள் வர முன்னர் அவன் போய்விட்டான். மருத்துவமனையில் அவனுடைய கண்ணாடிப் பெட்டியில் என் பெயரை எழுதி, அதற்கு முன்னால் 'பேபி போய்' என்று போட்டிருந்தார்கள்.

பால்மாக் கம்பனிகள் மேலான அந்த வழக்கில் சேர்வதென்றால் தாய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மச்சாள் அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டார். வரும்போது றோல்ஸ் வாங்கி வந்தார். சோபாவில் இருந்து ஒன்றைக் கடித்தபடியே நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்.

"பெரிசா ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை. வேறை பால் இருக்கெண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. அவங்களாத்தான் பால்மாவைக் குடுத்தவங்கள். அவ்வளவுதான். கூடக் கதைச்சா லோயர்மார் பிடிச்சுக் குடைவினம்."

"சொன்னவைதானே மச்சாள்," என்றேன்.

"என்ன சொன்னவை?"

"வேறை பால் இருக்கெண்டு."

மச்சாள் என் கணவரைப் பார்த்தார். கணவர் றோல்ஸ் பெட்டியைப் பார்த்தார்.

"உமக்கு அப்ப மருந்து மயக்கம்," என்றார் மச்சாள். "நீர் உதுகளைப் போட்டுக் குழப்பாதையும்."

எனக்கு வழக்கில் பெரிய ஆசை இருக்கவில்லை. வெல்வோம் என்ற நினைப்பும் இல்லை. ஆனால் என் பிள்ளை எப்படிச் செத்தான் என்று இந்த உலகத்தில் கடைசியாக எழுதப்படும் இடம் அதுதான். அதற்குப் பிறகு யாரும் அவனைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. அந்த இடத்தில் பொய்யை வைக்க நான் விடுவதா இல்லையா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி.

நடந்தது இது.

எனக்குப் பிரஷர் ஏறி, வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். அவனைக் கொண்டுபோய் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் எழும்பி இருக்கும் நிலை வந்ததும் சில்லுக் கதிரையில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் ஒரு றாத்தல் பாணைவிடக் கொஞ்சம் கூடுதலான பாரம், அரைக் கிலோ சொச்சம். தோல் சிவப்பாக, மெழுகுத் தாள் மாதிரி. வாய்க்குள்ளால் ஒரு குழாய். அந்தக் குழாயால்தான் பால் போகவேண்டும்.

என்னிடம் பால் இல்லை. அறையில் ஒரு மெஷின் தந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வைத்து இழுத்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. நேர்ஸ் அதை ஊசி போடும் குழாயால் உறிஞ்சி எடுத்து, "இது தங்கம், மம்" என்று சொல்லிக் கொண்டுபோவாள். பிலிப்பீன்ஸ்காரி. பெரிய உடம்பு, மெல்லிய குரல். அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

நான் அப்போது இந்த நாட்டுக்கு வந்து அதிக காலமில்லை. என் ஆங்கிலம் பஸ் ஏறவும் கடையில் விலை கேட்கவும் போதும். கணவருக்கு என்னைவிடப் பரவாயில்லை. ஆனால் அவருடைய குடும்பத்தில் ஒரு வழக்கம். ஆங்கிலம் பேசவேண்டிய இடம் எதுவாக இருந்தாலும் அக்காவைக் கூப்பிடுவது. இமிகிரேஷன், வங்கி, வீடு வாங்கியது, என் வயிற்றை ஸ்கான் பண்ணியது, எல்லாவற்றுக்கும் மச்சாள்தான் பேசினார். சிறுவயதிலேயே இங்கே வந்தவர், இங்கே படித்தவர். அவர் பேசுவார், தம்பி தலையாட்டுவார். அதில் யாரும் குறை கண்டதில்லை. எனக்கும் அது லேசாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு நாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். அந்த நேர்ஸ் வந்து சொன்னாள். தாய்ப்பால் வரும்வரை மற்றத் தாய்மார் கொடுத்த பால் இருக்கிறது, அவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலைச் சூடாக்கி, கிருமி இல்லாமல் வைத்திருக்கிறோம், கொடுப்பதற்குத் தாயோ தகப்பனோ ஓம் சொல்லவேண்டும். அவள் ஆறுதலாகச் சொன்னதால் எனக்கே பாதிக்குமேல் விளங்கியது.

மச்சாள் கேட்டார், கொடுத்த பெண்களின் பின்னணி தெரியுமா என்று. நேர்ஸ், எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறோம் என்றாள். அதில்லை, பின்னணி என்றார் மச்சாள். சிகரெட் பிடிக்கிறார்களா, என்ன மருந்து எடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம் என்றாள் நேர்ஸ். அதில்லை, குடும்பம், எப்படிப்பட்ட ஆட்கள் என்றார் மச்சாள். நேர்ஸ் சிரித்தாள். எல்லோரும் தாய்மார் என்றாள்.

மச்சாள் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"உவளுக்கு விளங்கேல்லை. ஆர் எவரெண்டு தெரியாதாம் தம்பி. வெள்ளையளோ கறுப்பியளோ ஆரோ. எங்கடை ஆக்களெண்டாலும் எந்த ஆக்களோ. எந்த ஊர், எந்தப் பக்கம் எண்டு ஒண்டுமே தெரியாத பாலை எங்கடை பிள்ளைக்குப் பருக்கிறதே?"

எந்தப் பக்கம் என்று எங்கள் ஆட்கள் கேட்டால் திசை கேட்கவில்லை. ஊரின் எந்த மூலை என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாதி கேட்கிற வழி அது. கலியாணம் பேசும்போது கேட்பார்கள். பேஸ்மென்டை வாடகைக்கு விடும்போது கேட்பார்கள். மூச்சுக்கு மெஷின் பூட்டிய பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"குடுக்கச் சொல்லுங்கோ," என்றேன். தமிழில்தான் சொன்னேன். தொண்டை வறண்டிருந்தது. ஆனால் சொன்னேன்.

"நீர் பேசாமல் இரும். உமக்கு மயக்கம் இன்னும் தெளியேல்லை," என்றார் மச்சாள். பிறகு தம்பியிடம், "பால்மா எண்டா கம்பனிக்காரன் செய்யிறான். சுத்தம். நாங்கள் சண்டைக்குள்ளை ஒரு பால்மா டின்னுக்கு வரிசையில நிண்டு அடிபட்ட ஆக்கள். இஞ்சை சும்மா குடுக்கிறாங்கள். அதை வேண்டாமெண்டு ஊர் பேர் தெரியாததை வாங்கச் சொல்லுறியே?"

நேர்ஸ் கணவரைப் பார்த்து, "டாட்?" என்றாள். கணவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "ஃபோர்முலா ஓகே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நேர்ஸ் என்னைப் பார்த்தாள். "மம்?" என்றாள். நான் வாயைத் திறக்க முன்னர், "ஷீ இஸ் ஓகே" என்று மச்சாள் சொன்னார்.

நேர்ஸ் போனாள். ஒரு சின்னப் போத்தலோடு வந்தாள். மாட்டுப் பாலில் செய்தது. மாட்டிடம் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பாரம் ஏறியது என்றார்கள். மச்சாள் போனில் எல்லோருக்கும் சொன்னார், பால்மா நல்லாய்ப் பிடிச்சிருக்கு என்று. பிறகு ஒரு நாள் காலையில் நான் போனபோது அவன் வயிறு வீங்கி, தோல் மினுங்கியது. குழாய்க்குள்ளால் பச்சையாக வந்தது. நான் நேர்ஸைக் கூப்பிட முன்னரே நாலு பேர் சுற்றி நின்றார்கள். எக்ஸ்றே படம் எடுத்தார்கள். குடல் சுவருக்குள் காற்று என்றார்கள். சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் வந்து வெளியில் நின்று நெடுநேரம் பேசினார். மச்சாள் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்.

"குடலிலை கொஞ்சம் பழுதாம். துப்பரவாக்கிப் போட்டு மூடுவினமாம்."

கொஞ்சம் என்று அந்த டொக்டர் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை.

திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். குடல் எல்லாம் கறுத்துவிட்டது. வெட்டினால் மிச்சம் வைப்பதற்கு ஒன்றுமில்லை. குழாய்களைக் கழற்றி அவனை என் கையில் தந்தார்கள். நான் அவனைத் தூக்கியது அதுதான் முதல். ஒரு துவாயால் சுற்றியிருந்தார்கள். அந்த நேர்ஸ் பக்கத்தில் நின்று அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அந்த நேரம் என்ன நினைப்பு வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லுவேன்: துவாயின் ஓரத்தில் நூல் கழன்றிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் மச்சாள் ஒரே வசனத்தைச் சொன்னார்.

"என்ன செய்யிறது, தாய்க்குப் பால் இல்லை."

அவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஒரு அன்ரி, அடுத்த பிள்ளைக்குப் பால் சுரக்க இப்பவே பால்சுறாப் புட்டுச் சாப்பிடத் தொடங்கு என்றார். அடுத்த பிள்ளை வரவில்லை. அது வேறு கதை.

பால் அந்த வாரம்தான் வந்தது. வெள்ளமாக வந்தது. சட்டை நனைந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இழுத்து இழுத்து ஐஸ் பெட்டிக்குள் கட்டியாக்கி வைத்தேன். ஏனென்று கேட்டால் தெரியாது. மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போன் எடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பால் இருக்கிறது என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, விரும்பினால் மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்றாள். அந்த நேரம் வீட்டில் நான் தனியாக இருந்தேன். எனக்காகப் பதில் சொல்ல யாரும் இல்லை. "யெஸ்" என்றேன். இரத்தம் எடுத்தார்கள். சிகரெட் பிடிப்பாயா, என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஐஸ் பெட்டியில் இடம் வந்துவிட்டதே என்று கணவர் மீன் வாங்கி வைத்தார்.

இப்போது நான் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பெட்டிகள் வரிசையாக வரும். லேபல் சரியா என்று பார்ப்பது என் வேலை. 'கச்சான் பட்டிருக்கலாம்' என்று, நிலக்கடலை ஒத்துவராதவர்களுக்காகப் போடும் ஒரு வரி மங்கலாக அடிபட்டிருந்தால்கூடப் பெல்ட்டை நிற்பாட்ட வேண்டும். சூப்பவைசர் ஓடி வருவார், எல்லாவற்றையும் திருப்பி எடுப்பார்கள். ஒரு பிஸ்கற்றுக்கு இவ்வளவு.

வழக்குப் போட்டவர்கள் சொல்வதும் அதுதான். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளைவிடப் பால்மா குடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குடல் வருத்தம் வரும் ஆபத்து அதிகம். அது தெரிந்தும் கம்பனிகள் போத்தலில் ஒரு வரி போடவில்லை. கம்பனிகள் இல்லை என்கின்றன. தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கும் இந்த வருத்தம் வருவதுண்டு, ஒரு பிள்ளைக்கு எதனால் வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். சரி. நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்று தப்பிக்கொள்கிறார்கள். கம்பனி நிற்கிறது. மச்சாளும் நிற்கிறார்.

சட்ட அலுவலகம் வோபர்ன் பக்கம், ஒரு பிளாசாவின் மேல்மாடியில். கீழே சாப்பாட்டுக் கடை. படியேறும்போது கொத்துரொட்டி கொத்தும் சத்தம் மேலே வரை கேட்டது. மச்சாள் எங்களுக்கு முன்னரே வந்து இருந்தார். கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார். என் காதுக்குள் சொன்னார், "சொன்னதெல்லாம் ஞாபகம்தானே?"

லோயர் ஒரு சின்னப் பெட்டை. இங்கே பிறந்தவள். "வாங்கோ அன்ரி, வாங்கோ அங்கிள், இருங்கோ" என்றாள். தண்ணீர் தந்தாள். தன்னுடைய தமிழ் கொஞ்சம் 'வீர்ட்'டாக இருக்கும், சிரிக்கவேண்டாம் என்றாள். யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

மச்சாள்தான் தொடங்கினார். ஆங்கிலத்தில், நல்ல ஒழுங்காக. பிறந்தது, பெட்டி, பால்மா, வயிறு வீங்கியது, ஒப்பரேஷன். கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அழுதபோது உண்மையாகத்தான் அழுதார்.

லோயர் கேட்டாள், மற்றத் தாய்மாரின் பாலைப் பற்றி மருத்துவமனையில் யாராவது உங்களிடம் கதைத்தார்களா?

"நோ," என்றார் மச்சாள். "நோபடி."

"கதைச்சவை," என்றேன்.

லோயரின் கை கீபோர்ட்டில் நின்றது.

"நான் அன்ரியைக் கேக்கிறன்," என்றாள் லோயர், என்னைக் காட்டி. "அன்ரி, ஆர் கதைச்சது?"

"நேர்ஸ். பெட்டிக்குப் பக்கத்தில வைச்சுக் கேட்டவ. இவை வேண்டாமெண்டவை."

"ஓகே. ஏன் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்? றிலிஜன் மாதிரி ஏதாவதோ?"

"ஹைஜீன்," என்றார் மச்சாள் உடனே. "வி வேர் வொரீட் எபவுட் ஹைஜீன்."

"இல்லை," என்றேன். "சாதி."

நான் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் சொல்வதில்லை. பெட்டை என்னை ஒருதரம், மச்சாளை ஒருதரம் பார்த்தாள்.

"சாதியெண்டா... காஸ்ட்டோ? லைக், ஹொஸ்பிற்றலுக்குள்ளயோ?"

"எந்தப் பக்கத்துப் பாலெண்டு தெரியேல்லையாம்," என்றேன். "எங்கடை ஆக்களெண்டாலும் எந்த ஆக்களோ எண்டு சொன்னவ. நான் குடுக்கச் சொன்னனான். பேசாமல் இரு எண்டவ."

மச்சாளின் முகம் சிவந்தது.

"எங்களை நாறடிக்கத்தானே வந்தனீர்? இஞ்சை, இந்தச் சின்னப் பிள்ளைக்கு முன்னாலை? நான் உங்களுக்காக எவ்வளவு ஓடினனான். நீர் வந்திறங்கின நாளிலையிருந்து உம்மடை வாய் நான்தான்."

"ஓம் மச்சாள்," என்றேன். "அதுதான் பிரச்சினை."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வீட்டில் நிறைய இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். அந்த அறையில் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு டொக்டர் இழுப்பது தெரியும், நோவு தெரியாது. அப்படித்தான் இருந்தேன்.

லோயர் எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். வேறு பால் இருக்கிறது என்று சொல்லி நீங்கள் மறுத்திருந்தால் மருத்துவமனை மேல் ஒன்றும் சொல்வது கஷ்டம். ஆனால் கம்பனி ஆபத்தைச் சொன்னதா இல்லையா என்பது வேறு கேள்வி. காலம் கடந்துவிட்டதா என்றும் பார்க்கவேண்டும். எப்படியோ, மறைத்தால் மற்றப் பக்க லோயர்மார் மருத்துவமனையில் எழுதி வைத்ததை எடுத்துப் போடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"நீங்கள் சொன்னது நல்லம் அன்ரி," என்றாள். "இப்ப நான் ஒரு கேள்வி கேக்கவேணும். எல்லாரிட்டையும் இதைக் கேக்கிறதுதான். இதுதான் முக்கியமான கேள்வி."

அவள் அதை முதலில் ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு எனக்காகத் தமிழில் கேட்டாள்.

"அந்தப் போத்தலிலை, பால்மா குடுத்தா இந்தக் குடல் வருத்தம் வாற ரிஸ்க் கூட எண்டு எழுதியிருந்தா, அல்லது டொக்டர் அப்பிடிச் சொல்லியிருந்தா, நீங்கள் மற்ற அம்மாமாரின்ரை பாலுக்கு ஓம் எண்டிருப்பீங்களோ?"

"நான் முதலே ஓம் எண்டனான்," என்றேன்.

"தெரியும் அன்ரி. அண்டைக்கு முடிவெடுத்த ஆக்களைக் கேக்கிறன்."

கணவர் மச்சாளைப் பார்த்தார். பழக்கம். நானும் மச்சாளைப் பார்த்தேன். லோயரும் பார்த்தாள்.

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வழக்குக்கு வேண்டியிருந்தது. யாராக இருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லுவார்கள். மச்சாளும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பிறகு கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"அப்பவும் அது ஆரின்ரை பாலெண்டு சொல்லியிருக்க மாட்டினம்தானே."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது என்று நினைக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவரைக் கெட்ட மனிசி என்று எழுதினால் லேசாகப் போய்விடும். பிள்ளைக்கு எழுத்துக் கேட்டு வைத்தவர், கம்பளி உடுப்புப் பின்னி வைத்தவர். பிள்ளையில் அவருக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு மேலே இன்னொன்று இருந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

லோயர் கணவரைப் பார்த்தாள்.

"அங்கிள்? தகப்பன் நீங்கள்தானே. ஓமோ இல்லையோ எண்டு சொல்லவேண்டி இருந்ததும் நீங்கள்தான்."

கணவர் தண்ணீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஆங்கிலத்தில் தொடங்கினார், வரவில்லை. தமிழில் சொன்னார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் அப்பவும் அக்காவைத்தான் பாத்திருப்பன்."

லோயர் அதை அப்படியே எழுதினாள். இத்தனை வருடத்தில் அவர் அந்த நாளைப் பற்றி வாய் திறந்து சொன்னது அதுதான் முதல். அது எங்களுக்கு உதவாத பதில் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பொய் இல்லை. நான் அதைத்தான் கேட்டு வந்தேன்.

மச்சாள் எழும்பினார். "நான் வாறன்" என்று சொல்லவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே கார் எடுக்கிற சத்தம்.

லோயர் நான் சொன்னதை ஆங்கிலத்தில் வாசித்தாள். பிறகு தமிழில் சொல்லப் பார்த்தாள். 'பக்கம்' என்ற இடத்தில் நின்று, இதை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். "எங்கடை அம்மாவும் இப்பிடித்தான் கேப்பா, என்ரை ஃபிரெண்ட்ஸ் வந்தா, எந்த ஊர், எந்தப் பக்கம் எண்டு. நான் அம்மா சும்மா ஃபிரெண்ட்லியா கேக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல. உள்ளது உள்ளபடி எழுது என்றேன். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள். இல்லை என்றேன். கையெழுத்து வைத்தேன்.

"இது கேஸைக் கஷ்டமாக்கும் அன்ரி. பொய் சொல்ல மாட்டன். பெரியாக்களோடை கதைச்சுப்போட்டுக் கோல் பண்ணுறன்."

இன்னும் கோல் வரவில்லை. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கம்பனி ஒரு வரி போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. மச்சாள் சொன்ன பதிலுக்குப் பிறகும் தெரியாது. ஆனால் போட்டிருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இப்படி ஒரு அழுக்கு இருந்ததென்பதற்காகக் கம்பனி சுத்தமாகிவிடாது. அவர்கள் சொல்லாமல் விட்டதற்காக எங்கள் அழுக்கும் போய்விடாது. இரண்டும் ஒரே குழாயால்தான் அந்த வயிற்றுக்குள் போயின.

அன்றைக்குக் கையெழுத்து வைத்துவிட்டுக் கீழே வந்தோம். கணவர் சாப்பாட்டுக் கடையைப் பார்த்து, ஏதாவது வாங்குவோமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரில் ஏறினோம். அவருடைய போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

மார்க்கம் றோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். முன்னால் ஒரு பாடசாலை பஸ். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அந்த பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னார்:

"நீர் அண்டைக்குக் குடுக்கச் சொல்லுங்கோ எண்டு சொன்னது எனக்குக் கேட்டது."

நான் இத்தனை காலமும் என் குரல் எழும்பவில்லை, அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தொண்டை வறண்டிருந்தது, மெஷின்கள் சத்தம் போட்டன, அவர் அந்தப் பக்கம் நின்றார் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் அவருக்குச் சோறு போட்டேன், பக்கத்தில் படுத்தேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"பச்சை விழுந்திட்டுது," என்றேன். "எடுங்கோ."